லீட் என்று லெட்டர் கொடுத்துவிட்டார்கள், என்ன வேலை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை

சோழிங்கநல்லூர்வாசி

வணக்கம் மக்களே. இந்த அப்ரைசலில் என்னை லீட் சாஃப்ட்வேர் இன்ஜினியர் ஆக்கியிருக்கிறார்கள். ஒன்பது வருட அனுபவம், பெரும்பாலும் ஜாவா, ஸ்பிரிங் பூட், கொஞ்சம் காஃப்கா. கம்பெனி பேர் வேண்டாம், ஓ.எம்.ஆரில் ஒரு நடுத்தர ப்ராடக்ட் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். டீமில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் காலேஜ் முடித்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள்.

பிரச்சினை இதுதான். முன்பு ஸ்பிரிண்டில் (குறுகிய வேலைச் சுற்று) எவ்வளவு ஸ்டோரி பாயிண்ட் (வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பெண்) எடுத்தேனோ அதே அளவு இப்போதும் என் பேரில் இருக்க வேண்டும் என்கிறார் மேனேஜர். அதற்கு மேல் கோட் ரிவ்யூ, டிசைன், இன்டர்வியூ பேனல், ஃப்ரெஷர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, கிளையன்ட் காலில் உட்காருவது எல்லாம். டெலிவரி தள்ளிப்போனால் "நீதானே லீட்" என்று ஒரே கேள்வி. ஆனால் லீவு, ரேட்டிங், ஹைக் எதிலும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, டீமில் இருப்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். பகல் பூரா மீட்டிங். ராத்திரி சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு மேல்தான் என் கோடையே திறக்கிறேன்.

லீட் எவ்வளவு கோட் எழுத வேண்டும்? என்னிடம் எதை எதிர்பார்ப்பது நியாயம்? ஒத்துவரவில்லை என்றால் திரும்ப சீனியராகப் போவது அசிங்கமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிஆபீசர்

மேலே இருந்து விழுவதும் உங்கள் தலையில், கீழே இருந்து கிளம்புவதும் உங்கள் தலையில். வாழ்த்துகள் பாஸ்.

பல்லாவரத்தான்

முதலில் "லீட்" என்று உங்கள் கம்பெனியில் எதைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். சர்வீஸ் கம்பெனியில் மாட்யூல் லீட், டெக் லீட், டீம் லீட் என்று வரிசையாக வைத்திருப்பார்கள், அதில் பாதி கிளையன்டிடம் பில்லிங் ரேட் ஏற்றுவதற்காக வந்த பட்டம், எக்செல் ஷீட்டில் ஸ்டேட்டஸ் நிரப்புவதுதான் நிஜமான வேலை. ஸ்டார்ட்அப்பில் லீட் என்றால் சர்வர் விழுந்தால் எழுப்புவதில் தொடங்கி புது ஆளுக்கு லேப்டாப் வாங்கித் தருவது வரை. ப்ராடக்ட் கம்பெனியில்தான் ஓரளவுக்கு ஒரு வரையறை இருக்கும், சீனியருக்கு மேலே, ஸ்டாஃப் இன்ஜினியருக்குக் கீழே, ஒரு டீமின் டெக்னிக்கல் முடிவுகளுக்குப் பொறுப்பாளி. எச்.ஆரிடம் லெவல் டாக்குமென்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை மேனேஜரும் படித்ததில்லை என்பது கேட்ட பிறகு தெரியவரும், அது வேறு விஷயம்.

பழைய_பெர்ல்காரன்

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக இதில் இருக்கிறேன், லீடாக இருந்திருக்கிறேன், லீட்களை வைத்தும் இருந்திருக்கிறேன். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட் எவ்வளவு என்பதை விட எந்தக் கோட் என்பதுதான் கேள்வி. மற்ற நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிற டிக்கெட்டை லீட் தன் பேரில் எடுக்கவே கூடாது. உங்கள் காலண்டர் உங்கள் கையில் இல்லை. திடீரென்று பதினோரு மணிக்கு ஒரு எஸ்கலேஷன் கால் வந்தால் உங்கள் ஏபிஐ நிற்கும், அது நின்றால் ஃப்ரன்ட்எண்ட் நிற்கும், ஃப்ரன்ட்எண்ட் நின்றால் டெஸ்டிங் நிற்கும், கடைசியில் டெமோவில் நீங்கள் நிற்பீர்கள். எடுக்க வேண்டியவை வேறு. இரண்டு நாள் தள்ளிப்போனாலும் யாரும் சாகாத வேலைகள். இஷ்டத்துக்குப் பாஸும் ஃபெயிலும் ஆகிற டெஸ்ட்களைச் சரிசெய்வது, நாற்பது நிமிஷம் ஓடுகிற பில்டைப் பத்து நிமிஷத்துக்குக் கொண்டுவருவது, கோடை சர்வரில் ஏற்றுகிற டிப்ளாய் ஸ்கிரிப்ட், புது லைப்ரரி ஒத்துவருமா என்று ஒரு சின்ன முயற்சி. இதையெல்லாம் யாரும் பாயிண்ட் போட்டு எடுக்க மாட்டார்கள், ஆனால் ஆறு பேருக்கும் தினமும் நேரம் மிச்சமாகும்.

ரிவ்யூ காலையில் முதல் வேலை. தினசரி ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு முன்னால். பி.ஆர். (ரிவ்யூவுக்கு அனுப்பும் கோட் மாற்றம்) வந்தால் அதிகபட்சம் ஒரு வேலைநாளுக்குள் பதில் போய்விட வேண்டும் என்று கூகுள் வெளியிட்ட ரிவ்யூ வழிகாட்டியிலேயே இருக்கிறது. பி.ஆர். இரண்டு நாள் கிடந்தால் எழுதியவர் அதன் மேலேயே அடுத்த பிராஞ்சை எடுத்துவிடுவார், அப்புறம் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டில் ஒரு மதியம் போகும்.

மூன்றாவது எஸ்டிமேட். வேலை தள்ளிப்போகிறது என்றதும் மேனேஜர் "இன்னும் நாலு பேர் தரட்டுமா" என்பார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே எழுதி வைத்துவிட்டார், தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று. கணக்கு எளிது. ஆறு பேர் என்றால் ஒருவருக்கொருவர் பேச 15 ஜோடி, பத்து பேர் என்றால் 45. அதுவும் புதிதாக வருகிற நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? நீங்கள்தான். "ஆள் வேண்டாம், இந்த மூன்று ஃபீச்சரில் எது அடுத்த மாதம் போகலாம் என்று சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்கிற தைரியம் லீடுக்கு வேண்டும். மேனேஜருக்கு அந்தக் கோடின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்த ரூமில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள், நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தால் டீம் சனிக்கிழமை உட்கார வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் லீட் வேலையின் முக்கால்வாசி இதுதான். சரியான நேரத்தில், சரியான ஆளிடம், பிடிக்காத ஒரு விஷயத்தைச் சொல்வது.

கோடுதான்_சோறு

பெரியவர் சொன்னதில் முதல் பாயிண்டை ஒத்துக்கொள்ள மாட்டேன். டெஸ்ட், பில்ட், ஸ்கிரிப்ட் என்று ஓரத்திலேயே இருந்தால் ஆறு மாதத்தில் லீடுக்கு மெயின் கோடே தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார், டிசைன் மீட்டிங்கில் எழுந்து இல்லாத டேபிளை வைத்து அரை மணி நேரம் பேசுவார், யாரும் திருத்த மாட்டார்கள், முடிந்ததும் வெளியே வந்து எங்களுக்குத் தோன்றியதைக் கட்டுவோம். கரண்டி பிடிக்காத மேஸ்திரிக்குச் சுவர் கோணலா என்று எப்படித் தெரியும்? பாதி நேரமாவது நடுக்கோடில் கை இருக்க வேண்டும்.

பழைய_பெர்ல்காரன்

நடுக்கோடில் கை இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது. மற்றவர்கள் காத்திருக்கிற டிக்கெட் உங்கள் பேரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த டிக்கெட்டை ஜூனியர் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து எழுதுங்கள். கோடும் தெரியும், காலுக்கு எழுந்து போனாலும் வேலை நிற்காது.

கோடுதான்_சோறு

சேர்ந்து எழுதினால் இரண்டு பேர் ஒரு டிக்கெட்டில் இருக்கிறார்கள் என்று மேனேஜர் குதிப்பார். ஆனாலும் சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மார்ஜின்_கால்

நான் ப்ரோக்கரேஜ் சிஸ்டத்தில் வேலை பார்க்கிறவள், எங்கள் பக்கம் புதிதாக லீட் ஆகிறவர்களிடம் நான் சொல்கிற கதை நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தின் கதை. பலருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவு.

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தையில் அன்று ஒரு புதுத் திட்டம் ஆரம்பம், அதற்காக நைட், ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்புகிற தன் ஆர்டர் ரௌட்டரில் புதுக் கோட் போட்டது. மொத்தம் எட்டு சர்வர். டிப்ளாய் செய்தவர் ஏழில் போட்டார், எட்டாவது விட்டுப்போனது. அந்த எட்டாவதில் 2003லேயே பயன்பாட்டை நிறுத்திய பவர் பெக் என்ற பழைய கோட் அழிக்கப்படாமல் கிடந்தது. புதுக் கோடுக்காக எடுத்துக்கொண்ட ஃப்ளாக் (கோடை ஓடவைக்கும் சுவிட்ச்), ஒரு காலத்தில் அந்தப் பழைய கோடை ஓடவைத்த அதே ஃப்ளாக். மார்க்கெட் திறந்ததும் அந்த ஒரு சர்வர் நிறுத்தத் தெரியாமல் ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. 212 வாடிக்கையாளர் ஆர்டர்களுக்கு, சுமார் 45 நிமிஷத்தில், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வியாபாரம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல் என்று பிறகு அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.இ.சி. கணக்கிட்டது.

எல்லோரும் இதை "ஒருத்தன் ஒரு சர்வரை மறந்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் லீடுக்கு ஒன்றும் இல்லை, மனுஷன் மறப்பான். எனக்கு மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, அந்த டிப்ளாயை இரண்டாவது ஆள் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க வேண்டும் என்று எழுதிய விதியும் இல்லை. இரண்டு, அன்று காலை மார்க்கெட் திறக்கும் முன்பே சிஸ்டம் 97 மெயில் அனுப்பியது, பவர் பெக் பேரோடு எரர் என்று. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. மூன்றாவதுதான் கொடுமை. பிரச்சினை வெடித்த பிறகு, புதுக் கோடில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த ஏழு சர்வரிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டிலும் பழைய கோட் ஓட ஆரம்பித்துவிட்டது.

இந்த மூன்றையும் ஸ்டோரி பாயிண்டில் எங்கே போடுவீர்கள்? செத்த கோடை அழிக்கச் சொல்வது, டிப்ளாய்க்கு இரண்டாவது கண் வைப்பது, தினமும் வந்து யாரும் படிக்காத மெயில்களில் எது அலர்ட் ஆக வேண்டும் என்று பிரிப்பது, ஏதாவது வெடித்தால் முதலில் எதை நிறுத்துவது என்று முன்பே எழுதி வைப்பது. சோழிங்கநல்லூர்வாசி, உங்கள் மேனேஜர் கேட்டால் இதைக் காட்டுங்கள்.

வெட்டிஆபீசர்

97 மெயில்தானா, பில்ட் ஓட்டுகிற எங்கள் ஜென்கின்ஸ் டூல் ஒரு நாளைக்கு அதைவிட அதிகம் அனுப்பும். எல்லாருக்கும் ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டரில் தள்ளி வைத்திருக்கிறோம்.

மார்ஜின்_கால்

அதைத்தான் சொல்கிறேன் :)

சோழிங்கநல்லூர்வாசி

அக்கா, அண்ணே, மிக்க நன்றி. இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. இன்னொரு கேள்வி. ஃப்ரெஷர் இரண்டு பேரும் ஏஐ டூல் வைத்துத்தான் எழுதுகிறார்கள், ஒரு பி.ஆர். ஆயிரம் வரிக்கு மேல் வருகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, கேட்டால் விளக்கத் தெரியவில்லை. நான் திருத்தி எழுதினால் சீக்கிரம் முடிகிறது. ஆனால் அப்புறம் எல்லாமே நான் எழுதுவதாகிவிடுகிறது.

ரிவ்யூ_ராணி

எழுதியவரால் விளக்க முடியாத கோட் மெர்ஜ் ஆகாது, யார் எழுதினாலும், எந்த டூல் எழுதினாலும். இதை ஒருமுறை டீம் முன்னால் சொல்லிவிட்டு உங்கள் பி.ஆருக்கும் அதையே பின்பற்றுங்கள். ஆயிரம் வரி பி.ஆரை உள்ளே போய்ப் படிக்கவே வேண்டாம், நாலாகப் பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிரிக்கும்போதே பாதி புரிந்துவிடும் அவர்களுக்கு.

திருத்தி எழுதுவது பற்றி. பேமென்ட் சர்வீஸ் என்று வைத்துக்கொள்வோம். பணம் எடுக்கிற கேட்வேயை ஃப்ரெஷர் கூப்பிடுகிற இடத்தில் ரீட்ரை போட்டிருக்கிறார், டைம்அவுட் வந்தால் மூன்று தடவை திரும்ப அனுப்பும். டெஸ்ட் எல்லாம் பச்சை. "தப்பு, ஐடம்பொட்டன்சி கீ போடு" என்று கமென்ட் எழுதினால் பத்து நிமிஷத்தில் போட்டுவிடுவார், எதற்கு என்று தெரியாது, அடுத்த சர்வீஸிலும் இதே கதை. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்:

"டைம்அவுட் வந்தால் கஸ்டமர் பணம் போயிருக்குமா, போயிருக்காதா? உன் கோடுக்கு அது எப்படித் தெரியும்?"

இவ்வளவுதான். அவர் முதலில் "போயிருக்காது" என்பார். "கேட்வே பணத்தை எடுத்துவிட்டு பதில் அனுப்பும்போது நெட்வொர்க் போனால்?" என்று கேளுங்கள். அன்று மதியத்துக்குள் அவரே வந்து, மூன்று ரீட்ரையும் போனால் ஒரே ஆர்டருக்கு நாலு தடவை பணம் எடுக்க வாய்ப்பு இருக்கிறது என்று சொல்வார். ஒரு ஆர்டருக்கு எத்தனை தடவை அனுப்பினாலும் அந்த ஆர்டருக்கான அதே கீயை (அதுதான் ஐடம்பொட்டன்சி கீ) அனுப்பினால் கேட்வே இரண்டாவது தடவையை அடையாளம் கண்டு முதல் பதிலையே திருப்பித் தரும் என்று டாக்குமென்ட்டைப் படித்துவிட்டு வருவார். இதில் உங்களுக்கு அரை நாள் தாமதம். ஆனால் அடுத்த ரீட்ரையை அவர் எழுதும்போது நீங்கள் அங்கே இருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படிக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கவும் கூடாது, எரிச்சலாகிவிடும். வேரியபிள் பேரெல்லாம் லின்டர் (கோட் நடையைத் தானாகச் சரிபார்க்கும் டூல்) பார்த்துக்கொள்ளட்டும்.

அம்பத்தூர்_எஸ்டேட்

எல்லாம் சரி, டெலிவரி சொதப்பினால் யார் தலை? லீட்தானே மேனேஜர் முன்னால் நின்று "என் தப்பு" என்று சொல்ல வேண்டும், அதுதானே லீடர்ஷிப்?

பழைய_பெர்ல்காரன்

தவறு செய்த பையன் பேரை மீட்டிங்கில் சொல்லாமல் இருப்பது வேறு, எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வருவது வேறு. இரண்டாவதில் ஒன்றும் சரியாகாது, அடுத்த மாதம் அதே இடத்தில் அடுத்தவன் விழுவான்.

2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப்பில் நடந்ததைப் படியுங்கள், அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ராத்திரி நேரம், டேட்டாபேஸை இரண்டாவது சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷனில் கோளாறு, இன்ஜினியர் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்து, நிஜப் பயனர்களுக்கு ஓடுகிற ப்ரொடக்ஷன் சர்வரில் டைரக்டரியை அழித்துவிட்டார். ஓரிரண்டு நொடியில் தெரிந்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் எடுப்போம் என்று போனால் பேக்கப் இல்லை. டேட்டாபேஸ் 9.6, பேக்கப் எடுக்கிற டூல் 9.2 வெர்ஷனில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, அதனால் தினமும் ஃபெயில். ஃபெயில் ஆனதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் மெயில் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் யாரோ எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது.

அந்த இன்ஜினியரை வேலையை விட்டுத் தூக்கியிருந்தால் 9.2 வெர்ஷன் சரியாகியிருக்குமா? அவர்களுடைய அறிக்கை முழுக்க பேக்கப்பைப் பற்றித்தான், ஆளைப் பற்றி இல்லை. அதோடு மீட்கும் வேலையை யூடியூபில் லைவாகவே காட்டினார்கள். நம் ஊரில் ஆர்.சி.ஏ. (மூலகாரண ஆய்வு) டாக்குமென்ட் என்று ஒன்று எழுதுவோமே, "மனிதத் தவறு, இனி கவனமாக இருப்போம்" என்று முடியும், அதை எழுதவிடாமல் தடுப்பது லீடின் வேலை. "அந்த மனிதன் தவறு செய்ய எந்தக் கதவு திறந்திருந்தது" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், அதை மூடுவதற்கு ஒரு டிக்கெட், அந்த டிக்கெட்டுக்கு ஒரு பேர், ஒரு தேதி.

அம்பத்தூர்_எஸ்டேட்

கிளையன்ட் ஏற்றுக்கொள்ள மாட்டான் சார். அவனுக்கு ஆள் பேர் வேண்டும்.

பழைய_பெர்ல்காரன்

சில கிளையன்ட் அப்படித்தான். அங்கே உங்கள் பேரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், உள்ளே டிக்கெட்டைப் போடுங்கள். இதற்கு மேல் எனக்கும் வழி தெரியாது.

கோயம்புத்தூர்_கனெக்ஷன்

திரும்ப சீனியராகப் போவது பற்றி யாரும் பேசவில்லை. நான் போனேன். அசிங்கம் எல்லாம் ஒன்றும் இல்லை, சொந்தக்காரர்கள் கேட்பார்கள், அவர்களுக்கு இரண்டுமே "கம்ப்யூட்டர் வேலை"தான். பல ப்ராடக்ட் கம்பெனிகளில் இப்போது ஸ்டாஃப், பிரின்சிபல் என்று ஆள் மேய்க்காமல் மேலே போகிற பாதை இருக்கிறது, சம்பளமும் மேனேஜர் பாதைக்கு ஒத்தே போகும். உங்கள் கம்பெனியில் அது பேப்பரில் மட்டும் இருக்கிறதா, நிஜமாக யாராவது அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். யாருமே இல்லை என்றால் வெளியே பார்ப்பது நல்லது. தொண்ணூறு நாள் நோட்டீஸ் பீரியட் இருந்தால் இப்போதே யோசிக்க ஆரம்பிக்கவும், பல இடத்தில் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். நான் அனுப்பியது கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "ரிவ்யூ, டிசைன், இன்டர்வியூ, ஃப்ரெஷர்கள் எல்லாம் சேர்த்தால் என் வாரத்தில் பாதிக்கு மேல் போகிறது. அதனால் ஸ்பிரிண்டில் என் பேரில் பாதி பாயிண்ட் போடுகிறேன். முழுதாக வேண்டும் என்றால் மேலே உள்ளதில் எதை விடலாம் என்று சொல்லுங்கள்." எதை விடலாம் என்ற கேள்விக்கு மட்டும் அவரிடமிருந்து கடைசிவரை பதில் வரவில்லை. பாதி பாயிண்ட் தானாக ஓகே ஆகிவிட்டது.

நைட்கால்_நாகு

இதோடு அந்த யு.எஸ். கால் விஷயத்தையும் பேசிவிடுங்கள் தலைவா. அங்கே கடிகாரத்தை மாற்றினால் நவம்பரில் ஏழரை மணி கால் எட்டரைக்கு வரும், மார்ச்சில்தான் திரும்ப இறங்கும், நமக்கு நேரம் மாறாதே. பழக்கத்தில் லீட் தலையில்தான் அது நிரந்தரமாக உட்காரும். நான் எங்கள் டீமில் வாரம் ஒருவர் என்று சுற்றுக்கு விட்டிருக்கிறேன். முதல் மாதம் கிளையன்ட் முகம் சுளித்தார். ஜூனியர் பெண் ஒருத்தி டேட்டா மைக்ரேஷனை என்னைவிட நன்றாக விளக்கினதும் கிளையன்டே அவளைப் பேர் சொல்லிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

சோழிங்கநல்லூர்வாசி

அப்டேட். மேனேஜரிடம் பேசினேன், கோயம்புத்தூர் நண்பர் சொன்ன மாதிரியே மெயில் அனுப்பிவிட்டு. அடுத்த இரண்டு ஸ்பிரிண்டுக்குப் பாதி பாயிண்ட், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். யு.எஸ். கால் சுற்றுக்கு ஓகே. ப்ரொடக்ஷன் டிப்ளாய்க்கு இரண்டாவது ஆள் கட்டாயம் என்பதற்கு நைட் கேப்பிட்டல் கதையைச் சொன்னேன், 46 கோடி டாலர் என்றதும் உடனே சரி என்றுவிட்டார், அதற்கு மட்டும் விவாதமே இல்லை. ரேட்டிங்கில் மட்டும் அசையவில்லை. "உன் ஃபீட்பேக்கை மெயிலில் அனுப்பு, பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதில் பிரயோஜனம் இருக்குமா?

பழைய_பெர்ல்காரன்

இருக்கும், அப்ரைசல் மாதத்தில் மட்டும் அனுப்பாமல் மாதாமாதம் அனுப்பினால். ஒரு ஆளுக்கு இரண்டு வரி, என்ன செய்தார், எந்த பி.ஆர்., அதனால் என்ன ஆனது. "கடின உழைப்பாளி" மாதிரி வார்த்தை வேண்டாம். ரேட்டிங் போடுகிற வாரம் மேனேஜரும் அவசரத்தில் இருப்பார், கையில் எது தயாராக இருக்கிறதோ அதைத்தான் காப்பி பேஸ்ட் செய்வார். அந்தந்த ஆளுடைய இரண்டு வரியை அவரவருக்கும் காட்டிவிட்டு அனுப்புங்கள்.